அவர் கையில் இருந்தது என்ன குட்டு?

நான்கு நாட்களாக அந்த வீடியோதான் பேச்சு. எந்த ஊர்த் திருவிழா, யார் எடுத்தது என்று எழுதப்போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். மேடையில் மேஜிக் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரின் உள்ளங்கையில் மறைந்திருந்ததைப் பக்கவாட்டில் நின்று படம்பிடித்து, 'குட்டு வெளிப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள்.

என்ன குட்டு? தனக்கு அருள் வந்திருக்கிறது என்றா சொன்னார்? 'இது வித்தை' என்று சொல்லித்தானே மேடை ஏறினார்!

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பஸ்ஸில் எனக்கு மேஜிக் கற்றுத்தந்த குருநாதர் ஒரு நாணயத்தை உள்ளங்கைக்குள் மறைத்து, கட்டைவிரல் சதையாலும் எதிர் மேட்டாலும் கவ்விக்கொண்டே வருவார். அதே கையால் சில்லறை கொடுத்து டிக்கெட் வாங்குவார், தலை சீவிக்கொள்வார். ஆடுதுறை, குத்தாலம் தாண்டியும் நாணயம் விழாது. 'விரல் விறைத்தால் கையே காட்டிக்கொடுத்துவிடும்' என்பார். எனக்கு அது படிய இரண்டு வருடம் ஆயிற்று. நீங்கள் பத்து விநாடியில் 'இவ்வளவுதானா' என்கிறீர்கள்.

அதே சாலையில்தான் நாகஸ்வரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டை இருக்கிறது. நாகஸ்வரக்காரர் வாயில் வைத்து ஊதும் சீவாளியைப் பிடுங்கிப் பார்த்து, 'வெறும் நாணல்தானே' என்று கேட்பீர்களா?

பகுத்தறிவு வளர்க்கிறோம் என்கிறார்கள் சிலர். ஆவியோடு பேசுவதாகச் சொல்லிக் காசு பறித்தவர்களை 1920களில் ஊர் ஊராக அம்பலப்படுத்திய ஹூடினியே ஒரு மேஜிக்காரர்தான். ஏமாற்றுக்காரனைப் பிடியுங்கள், நானும் வருகிறேன். வித்தை என்று சொல்லிச் செய்பவரை ஏன் பிடிக்கிறீர்கள்?

1956-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் மேஜிக்காரர் பி.சி.சர்க்கார் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். அவள் எழுவதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிட, செத்துவிட்டாள் என்று பதறி எத்தனையோ பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். வித்தை என்று தெரிந்தும் பதறினார்கள். அந்தப் பதற்றத்துக்காகத்தான் நாங்கள் மேடை ஏறுகிறோம்.

யூடியூபில் எல்லாம் கிடக்கிறதே என்பவர்களுக்கு: தேடிப் போகிறவன் கற்கப் போகிறான். முன்வரிசையில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்த பிள்ளையின் முகத்தில் கொண்டுபோய் நீட்டியது நீங்கள்.

நேற்று அந்தப் பெரியவரிடம் பேசினேன். அடுத்த மாதப் பள்ளி நிகழ்ச்சியில் அந்த உருப்படியை எடுத்துவிட்டாராம். 'பிள்ளைகள் இனி என் முகத்தைப் பார்க்காது தம்பி, கையையே பார்க்கும்' என்றார். எழுபது வயதை நெருங்குகிறவர். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பகிர்ந்தவர்களில் பதினோரு பேர் என் நட்பில் இருக்கிறீர்கள். இன்றிரவுக்குள் நீக்கிவிடுங்கள். நீக்காதவர்களோடு எனக்கு இனிப் பேச்சில்லை.