மரபணு வழிமுறை தருவது மிகச் சிறந்த அட்டவணையா? உண்மை விளக்கம்

"மரபணு வழிமுறை, எறும்புக் கூட்ட வழிமுறையில் போட்டால் மிகச் சிறந்த அட்டவணை கட்டாயம் கிடைக்கும், எந்தச் சிக்கலுக்கும் பொருந்தும்" என்று, இயந்திரங்களில் வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்ற அட்டவணை பற்றி ஒரு செய்தி பரவுகிறது. இரண்டுமே தவறு.

மரபணு வழிமுறை விடைகளைக் கலந்து மாற்றி மேம்படுத்தும் கணினி முறை; எறும்புக் கூட்ட வழிமுறை எறும்புகள் வழி தேடுவதைப் பின்பற்றுவது. இவை நல்ல விடையைத் தேடித் தரும்; அதைவிடச் சிறந்தது இல்லை என்று நிரூபிக்காது. 1963இல் வெளியான 10 வேலை, 10 இயந்திரச் சோதனைக் கணக்கின் சிறந்த விடை, அதாவது எல்லா வேலையும் முடிய ஆகும் மிகக் குறைந்த நேரம், 930 அலகு. அதை 1989இல் உறுதி செய்தது கிளைத்து வரம்பிடும் துல்லிய முறை (சிறந்த விடை இருக்க முடியாத கிளைகளை வெட்டிவிட்டு மீதி எல்லாவற்றையும் ஆராய்வது).

மரபணு வழிமுறை இரு விடைகளை வெட்டி ஒட்டிப் புதியது உருவாக்கும்; அதை வேலை வரிசைகளுக்கு அப்படியே பொருத்தினால் அட்டவணையே செல்லாமல் போகும். 1 2 3 4 5, 3 5 1 2 4 என்ற இரு வரிசைகளை மூன்றாம் இடத்தில் வெட்டி ஒட்டினால் 1 2 3 2 4 வரும்: வேலை 2 இருமுறை, வேலை 5 காணோம். முதல் மூன்றை வைத்துக்கொண்டு, விடுபட்டவற்றை இரண்டாம் வரிசையின் ஒழுங்கில் நிரப்ப வேண்டும்: 1 2 3 5 4. பலர் சறுக்குவது இங்கேதான்.

ஒரே இயந்திரம், சராசரி முடிவு நேரம் குறைய வேண்டும், எல்லா வேலையும் தயார் என்றால் இந்த வழிமுறைகளே தேவையில்லை. குறுகிய வேலையை முதலில் வையுங்கள்; அதுவே உத்தமம்.

பெரிய கணக்கில், அதிகச் சுமையுள்ள இயந்திரத்தில் நடக்கும் வேலைகளின் நேரத்தைக் கூட்டுங்கள்; எல்லா வேலையும் அதைவிடக் குறைந்த நேரத்தில் முடியாது. அது 100 மணி, உங்கள் அட்டவணை 105 மணி என்றால், சிறந்ததைவிட 5 சதவீதத்துக்கு மேல் விலகியிருக்க முடியாது.