பாறையைச் "சுத்தம்" செய்தவர்களுக்கு

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். செஞ்சிப் பக்கத்துப் பாறை, கம்பி பிரஷ், பின்னணியில் பறையோசை, "புது ரூட் தயார்" என்ற வாசகம். பாறை ஏறும் நம் தம்பிகள் புதிதாக ஏற ஒரு வழியைச் சுத்தம் செய்கிறார்களாம். யார் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். அதன் கீழே நான் எழுதியது ஒரே ஒரு வரி: "பிடுங்கிய செடி என்னவென்று யாராவது பார்த்தீர்களா?" அதற்கு வந்த பதில்களைப் படித்துவிட்டுச் சில நாட்கள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. பதிவு நீளமாகத்தான் இருக்கும், பொறுமை இல்லாதவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம்.

வீடியோவில் நடப்பது இதுதான். தம்பி விரிசலுக்குள் உளியை விட்டு நெம்புகிறார். பாசியும் மண்ணும் வேருமாக ஒரு திரள் பெயர்ந்து வருகிறது. அதைக் கேமராவுக்குக் காட்டிச் சிரித்துவிட்டுக் கீழே எறிகிறார். எறிவதற்கு முந்தைய நொடியில் நிறுத்திப் பாருங்கள். காய்ந்த கொடி ஒன்று தொங்குகிறது, அதன் அடியில் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிதாக வெளுத்த கிழங்குகள். செரோபீஜியா என்ற கொடிவகையாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். "இருக்கலாம்" என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் பூ இல்லாமல் அது எந்த இனம் என்று சொல்வது கடினம். இந்தியாவில் ஏறக்குறைய அறுபது செரோபீஜியாக்கள் உண்டு. பாதிக்கும் மேற்பட்டவை இந்த நாட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது, பல அழிவின் விளிம்பில் நிற்பவை. அடியில் உப்பி, மேலே குழலாக நீண்டு, நுனியில் இதழ்கள் ஒன்றுகூடிக் கூண்டாக நிற்கும் பூ அது. உள்ளே நுழைந்த சிறு ஈயைக் குழலின் உள்மயிர்கள் வெளியே விடாது. மயிர்கள் வாடிய பிறகுதான் ஈக்கு விடுதலை, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகும். இவ்வளவு வேலை செய்கிற ஒரு செடியை "குப்பை" என்று எழுதினீர்கள்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். கை வைக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எப்படிப் பிடுங்குகிறீர்கள்? தாவரவியல் பேராசிரியர் அந்த உயரத்துக்கு வரமாட்டார். வனக்காவலரும் வரமாட்டார். கயிற்றில் தொங்கிக்கொண்டு அந்த விரிசலுக்கு நேரெதிரே முகத்தை வைத்திருப்பவர்கள் நாம் மட்டும்தான். அங்கே இருப்பதை உலகத்திலேயே முதலில் பார்க்கிற ஆளாகக்கூட நீங்கள் இருக்கலாம். பிடுங்கி எறிந்தால் கடைசியாகப் பார்த்த ஆளும் நீங்கள்தான்.

"ஆடு மேய்வதைவிடவா நாங்கள் கெடுத்துவிட்டோம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆடு ஏற முடியாத இடம் என்பதால்தானே ஐயா அந்தச் செடி அங்கே இருக்கிறது! ஆட்டுக்கும் கோடைத் தீக்கும் தப்பிப் பிழைத்த செடிகளுக்குக் கடைசிப் புகலிடம் செங்குத்துப் பாறைதான். ஆட்டால் முடியாததை நீங்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போய்ச் செய்திருக்கிறீர்கள், வாழ்த்துகள்.

இன்னொரு விஷயம், இதை யாரும் பேசுவதே இல்லை. நாம் ஏறுவது தை, மாசியில். மழை ஓய்ந்து பாறை காய்ந்திருக்கும், வெயிலும் அவ்வளவாகச் சுடாது. பாறைச் செடிகள் செத்ததுபோல் கிடக்கத் தொடங்கும் காலமும் அதுதான். கிழங்குச் செடிகள் தண்டைக் காயவிட்டு உள்ளே ஒடுங்கிவிடும். செலாஜினெல்லா என்ற பெரணி போன்ற சிறு செடி பழுப்பு உருண்டையாகச் சுருண்டுவிடும். ஒரு மழை பெய்தால் சில மணி நேரத்தில் விரிந்து பச்சையாகிவிடும். பாறைமேல் படரும் சில புற்களும் அப்படித்தான். ஆக, உயிரோடு இருக்கும் செடி நம் கண்ணுக்குச் சருகாகத் தெரியும் மாதங்களில்தான் நாம் பிரஷ்ஷும் கையுமாகப் போய் நிற்கிறோம். "எல்லாம் காய்ந்துபோனதுதானே அண்ணா" என்று எழுதிய தம்பிக்கு இதுதான் பதில். காயவில்லை, தூங்குகிறது.

நம்பாதவர்கள் ஐப்பசி மழைக்குப் பிறகு அதே பாறையின் அடிவாரத்துக்குப் போய், நீர் கசியும் இடத்தில் மண்டியிட்டுப் பாருங்கள். பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தரையோடு ஒட்டிய செவ்விலை வட்டம். இலை முழுக்க மயிர்கள், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பசைத் துளி. அழுகண்ணி. எறும்பு தெரியாமல் காலை வைத்தால் ஓர மயிர்கள் வளைந்து உள்ளே தள்ளிவிடும். சித்த மருத்துவர்கள் தேடுகிற மூலிகை. இது அருகிவரும் இனமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோடையில் அந்த இடத்தில் செடி இருந்த சுவடே இருக்காது, விதை மட்டும் அந்த அரை அங்குல மண்ணில் கிடக்கும். நீங்கள் பாய் விரித்து, ஷூவைத் தேய்த்து, வாரிக் கொட்டுகிற மண் அதுதான்.

ஏறுகிறவர்களின் பாதுகாப்புக்காகத்தான் மண்ணை எடுத்தோம் என்று சொன்னவர்களுக்கு: ஆமாம், உதிரும் மண்ணில் கால் வைக்கக் கூடாது. அதனால் ஏறும் வழியை ஓரடி தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும், விரிசலையே காலி செய்யக் கூடாது. இதற்கு மேல் இதில் பேச எதுவும் இல்லை.

இப்போது குவாரிக்கு வருவோம். வராமல் இருக்க முடியுமா? எதைப் பேசினாலும் யாராவது ஒருவர் குவாரியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிடுகிறார்கள். "மலையையே வெடிவைத்துத் தூளாக்குகிறார்கள், அதைக் கேட்கத் துப்பில்லை, நாலு செடிக்குக் கண்ணீர்." இதற்குத்தான் விருப்பக்குறி மழையாகப் பொழிந்திருந்தது. குவாரிக்காரன் செய்வது பெரிய அநியாயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அவன் மலையை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. சட்டையில் "மலையே என் கோயில்" என்று அச்சடித்துப் போட்டுக்கொள்வதில்லை. நீங்கள் போட்டுக்கொள்கிறீர்கள். உங்களை உங்கள் சொல்லை வைத்துத்தான் கேட்கிறேன். குவாரிக்கு எதிராகக் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போனபோது இந்தக் குவாரிப் போராளிகளில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை விடுவோம்.

"அது காப்புக்காடே இல்லை, புறம்போக்கு. எந்தச் சட்டத்தில் தடை?" என்று ஒரு சட்ட மேதை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் செடிகளுக்கென்று ஒரு அட்டவணை பின்னாளில் சேர்க்கப்பட்டது. அதில் வெகு காலம் இருந்தவை மொத்தம் ஆறு. இத்தனை பெரிய நாட்டுக்கு ஆறு! 2022 திருத்தத்தில்தான் பட்டியல் கொஞ்சம் நீண்டது. பட்டியலில் இல்லாததெல்லாம் பிடுங்கத் தக்கது என்றால் இந்த நாட்டில் எதுவும் மிஞ்சாது.

அந்த ஆறில் இரண்டு நம் பக்கத்து மலைகளோடு தொடர்புடையவை. ஒன்று திருப்பதி மலைத்தொடரில் மட்டும் வளரும் பெட்டோமி சைகஸ் என்ற பனைபோன்ற செடி. மற்றொன்று சீமாட்டிச் செருப்பு ஆர்க்கிட் வகை. அதில் தென்னிந்தியாவுக்கு உரியது ஒரே ஒரு இனம், பாஃபியோபெடிலம் ட்ரூரியை. பொதிகை மலையின் பாறைச் சரிவுகளில் மட்டும் உண்டு. 1865-இல் ட்ரூரி என்ற ராணுவ அதிகாரி கண்டெடுத்தார். பிறகு நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. 1972-இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். நல்ல செய்திதானே? இடம் தெரிந்ததும் ஆர்க்கிட் வியாபாரிகள் ஏறிப்போய் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், அரிய செடியைப் பார்த்தால் படம் எடுங்கள், தெரிந்தவர்களிடம் காட்டுங்கள், வரைபடக் குறியோடு இணையத்தில் போடாதீர்கள். "பிடுங்கவும் கூடாது, போடவும் கூடாது, பிறகு எதற்குத்தான் போவது?" என்று கேட்பீர்கள். ஏறுவதற்கு! ஏறுவதற்குத்தானே போகிறோம்?

எனக்குச் செடிப் பைத்தியம் பிடித்த கதையைக் கிண்டலாகக் கேட்டார்கள், சொல்லிவிடுகிறேன். கொல்லிமலைக்கு ஒரு கூட்டமாகப் போயிருந்தோம். வீடியோவில் இருக்கும் தம்பிகளில் இருவரும் உடன் இருந்தார்கள், அவர்களுக்கு முதல் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்ததும் அந்த முறைதான். அரப்பளீஸ்வரர் கோயில் போகும் வழியில் முடவாட்டுக்கால் என்ற பாறைப் பெரணியின் கிழங்கில் செய்த சூப் குடித்தோம். மூட்டுவலிக்கு நல்லது என்று ஊரே குடிக்கிறது. கடைக்கார அக்கா பழுப்பு ரோமம் மூடிய கிழங்கைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே பேசினார். கிட்டத்துப் பாறைகளில் எல்லாம் தீர்ந்துவிட்டதாகவும், தன் வீட்டுக்காரர் இப்போது விடியற்காலையில் கிளம்பி வெகுதூரம் போய்த்தான் எடுத்துவருவதாகவும் சொன்னார். பாறையில் நுனிப் பகுதியைக் கொஞ்சம் விட்டுவிட்டு வந்தால் மறுபடி படரும், ஆனால் யாரும் விடுவதில்லை என்றார். அந்தப் பெரணி அருகிவிட்ட இனமில்லை. ஆனால் பாறையில் இருப்பது தீரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த அக்காவுக்காவது வயிற்றுப் பிழைப்பு. நமக்கு என்ன? முப்பது நொடி ரீல்ஸ்.

இதே வேலையைப் பொறுப்பாகச் செய்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தை ஒட்டி ஏவன் பள்ளத்தாக்கு. நகரத்துக்குள்ளேயே சுண்ணாம்புப் பாறைச் சுவர், தினமும் ஆட்கள் ஏறுகிற இடம். பிரிஸ்டல் ராக் கிரெஸ் என்ற சிறு செடி பிரிட்டனில் இயற்கையாக வளர்வது அங்கே மட்டும்தான். அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய ஒரு மரத்துக்கு உலகத்திலேயே வேறு ஊர் கிடையாது. ஏறுகிறவர்களுக்கென்றே அரிய செடிகளைப் பற்றிய வழிகாட்டுதல் வைத்திருக்கிறார்கள். ஏறுவதையும் நிறுத்தவில்லை. உடனே "வெள்ளைக்காரனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார்" என்று கிளம்பாதீர்கள். அவர்களிலும் யோக்கியர் அயோக்கியர் உண்டு. 2013-இல் கலிபோர்னியாவில் பேர்போன ஒரு வீரர் புது வழிக்காக ஜூனிபர் மரங்களை வெட்டிவிட்டு, கண்டனம் கிளம்பியதும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கேட்டார் என்பதைக் கவனியுங்கள். "குவாரியைப் பார்" என்று சொல்லவில்லை.

நாமாகக் கட்டுப்படாவிட்டால் பூட்டுப் போடுவார்கள். கர்நாடகத்தின் ராமநகரத்தில் ராமதேவர பெட்டா என்ற பாறை மலையைப் பிணந்தின்னிக் கழுகுகளுக்காக 2012-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். இன்று அங்கே நினைத்த இடத்தில் கயிறு போட முடியாது. குரங்கணித் தீக்குப் பிறகு 2018-இல் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கே விதிகள் வந்துவிட்டன. இந்த வீடியோ யாராவது ஓர் அதிகாரி கையில் கிடைத்தால் செஞ்சிப் பாறைகளுக்கும் ஓர் அறிவிப்புப் பலகை வரும். அப்போது "மலை மக்களுக்கே" என்று முதல் ஆளாகப் பதிவு போடப்போவதும் இதே தம்பிகள்தான்.

கடைசியாக, என்னைப் பற்றி. குழுவிலிருந்து நீக்கிவிட்டீர்கள், சரி. "பூச்செடி அண்ணன்" என்று பெயர் வைத்தீர்கள், அதுவும் சரி, இதைவிட மோசமான பெயர்களோடு வாழ்ந்தவன் நான். "அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, அதனால்தான் செடியைப் பிடித்துக்கொண்டார்" என்று எழுதியது மட்டும் சரியில்லை. அதை எழுதியவனுடைய இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை எத்தனை மணி நேரம் பிடித்துக்கொண்டு கீழே நின்றிருக்கிறேன்! அப்போது இந்தக் கை நடுங்கவில்லை. வயதாவதைக் குற்றம் என்று நினைக்கிறவர்கள் பாறை ஏறத் தகுதியே இல்லாதவர்கள். அதன் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். இப்போதெல்லாம் ஏறுவதைவிட ஏறியதைக் காட்டுவதுதான் முக்கியமாகிவிட்டது. கேமரா இல்லையென்றால் கீழேயே உட்கார்ந்துவிடுவார்கள் போலிருக்கிறது. சரி, இது வேறு கதை.

பெயர்த்து எறிந்த திரள் அடிவாரத்தில் எங்காவது கிடக்கும். கிழங்கில் ஈரம் மிச்சமிருந்தால் இன்னும் பிழைக்கும். யாராவது போய் எடுத்து அதே பாறையின் நிழல் பக்கத்து இடுக்கில் மண்ணோடு வைத்து வந்தால் போதும், என்னிடம் வந்து சொல்லக்கூட வேண்டாம்.

இந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தக் குழுவுக்கு ரகசியமாக அனுப்பக் காத்திருக்கும் நண்பர்கள் சிரமப்பட வேண்டாம். போடுவதற்கு முன்பே நானே அனுப்பிவிட்டேன்.