84 லிங்க்

நேற்று மதியத்திலிருந்து ஒரு பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை, கல்லூரி நூலகரான எனக்கு ஒன்பது பேர் அனுப்பிவிட்டார்கள். "லிங்க் ஷேர் பண்றதுக்கு எதுக்குங்க லைப்ரரியன்?" என்று கேட்ட பதிவு அது. கீழே சிரிப்புக் குறி போட்டவர்களில், அவசரத்துக்கு என்னிடம் நூல் கேட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்று ராத்திரி வரைக்கும் நினைத்தேன். முடியவில்லை.

லிங்க் வேறு, வாசிப்புப் பட்டியல் வேறு.

போன பருவத்தில் ஒருநாள், நூலகத்தை மூடும் நேரம். வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்து போனை நீட்டினாள். கூகுள் கிளாஸ்ரூமில் ஒரே தாளுக்கு, அதாவது ஒரே பாடத்துக்கு, 84 லிங்க். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினோம். 31 திறந்தன. பல, அனுமதி கேட்டு நின்றன. சில, பணி மாறிப் போன ஆசிரியரின் கல்லூரி மெயிலில் இருந்தவை. கணக்கை மூடியதும் கோப்பும் போய்விட்டது. இன்னும் சில, யாரோ கட்டணத் தளத்துக்குள் நுழைந்து, மேலே தெரிந்த முகவரியை அப்படியே எடுத்து ஒட்டியவை. அவர் உள்ளே இருந்தவரைதான் அது செல்லும். ஆய்வுக் கட்டுரைக்கென்றே தரப்படும் மாறாத அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைக் கொடுத்திருந்தால் கட்டுரையையாவது அடையாளம் கண்டு, கல்லூரிகளுக்கு மின்னிதழ்களையும் மின்னூல்களையும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் எங்கள் கல்லூரிக்குள்ள கணக்கில் தேடியிருக்கலாம்.

அவள் கேட்டது ஒன்றுதான். "மேடம், நான் எதுவும் தப்பா அமுக்கிட்டேனா?"

சரி, திறந்த 31? எதை முதலில் படிப்பது, எது கட்டாயம், 400 பக்க நூலில் எந்த இயல் வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கும் பழைய நூல் ஒன்றுக்கு, டெலிகிராமிலிருந்து எடுத்த, பக்கங்கள் விட்டுப்போன பிடிஎஃப். தினம் ஒன்றரை ஜிபியில் காலம் தள்ளும் பிள்ளை, 200 எம்பி ஸ்கேனை இறக்கிப் பார்த்த பிறகுதான் அது தனக்கு வேண்டாதது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் சொன்னார். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது நான்காவது.

அப்புறம் நானும் அந்தத் தாளை இப்போது எடுக்கும் ஆசிரியரும் நான்கு சாயங்காலம் உட்கார்ந்தோம். 84 போய் 22 ஆனது. வாரவாரியாகப் பிரித்து, பக்க எண் போட்டு, போனில் திறந்து பார்த்துத்தான் ஏற்றினோம். இதைத்தான் "லிங்க் ஷேர் பண்றது" என்கிறீர்கள்.

"எல்லாவற்றையும் ஊட்டிவிடாதீர்கள், தேடிப் படிக்கட்டும்" என்பீர்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்க வைப்பது தேடல் பயிற்சியா?

"ஏஐயிடம் கேட்டால் நொடியில் பட்டியல் வரும்" என்பீர்கள். அப்படி வந்த பட்டியலோடு நின்ற ஒரு மாணவனுக்காக அரை நாள் ஒரு நூலைத் தேடினேன். ஆசிரியர் பெயர் நிஜம், பதிப்பகம் நிஜம். அப்படி ஒரு நூலை அவர் எழுதவே இல்லை.

காப்புரிமை இடிக்காதா என்று ஒரு நண்பர் கேட்டார். அது நியாயமான கேள்வி. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது பெரிய பதிப்பகங்கள் தொடர்ந்த வழக்கில், கற்பித்தலுக்காக நூல் பகுதிகளைப் படியெடுத்துத் தொகுப்பதற்கு 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது என்று 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்காக முழு நூலையும் ஸ்கேன் செய்து ஊருக்கே திறந்துவிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எவ்வளவு, யாருக்கு என்று பார்ப்பதும் பட்டியல் போடுகிறவரின் வேலைதான்.

ஆசிரியர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தானே நான் இருக்கிறேன், என்னைக் கூப்பிடுங்கள் என்கிறேன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் வாரத்தில் மட்டும் மின்வளங்களைப் பற்றி என்னிடம் கேட்டுப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். 14 வருடத்தில் ஒரு பாடத்திட்டக் கூட்டத்துக்குக்கூட என்னை அழைத்ததில்லை. கூட்டம் முடிந்த பிறகு, அச்சில் இல்லாத நூல்களின் பெயர்கள் என் மேசைக்கு வரும். "இதெல்லாம் ஏன் வாங்கி வைக்கல?" என்று கேள்வியும் வரும். இத்தனை நாள் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அந்தச் சிரிப்புக் குறிகளைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்று காலை அந்த 22ஐயும் மறுபடி திறந்து பார்த்தேன். இரண்டு வேலை செய்யவில்லை. மாற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.