குழிக் கணக்கும் சென்ட் கணக்கும்

"பாண்டிப் பக்கம் நமக்குக் கட்டுப்படியாகாது, கடலூர்ப் பக்கம் பார்" என்று எனக்குச் சொல்லாத உறவினர் இல்லை. மூன்று மாதமாக நானும் மனைவியும் ஞாயிறுதோறும் மனை பார்த்து அலைகிறோம். அளவைக் கேட்காமல் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்தவர்கள் பரப்பிய பேச்சு அது என்று இப்போது உறுதியாகச் சொல்கிறேன்.

புதுச்சேரியைச் சேர்ந்த கிருமாம்பாக்கத்தில் தரகர் ஒரு குழி 6 லட்சம் என்றார். குழி என்பது அங்கே மனை அளக்கும் கணக்கு. அன்று மதியமே எல்லை தாண்டி, தமிழ்நாட்டு ரெட்டிச்சாவடிப் பக்கம் விசாரித்தோம். சென்ட் 5 லட்சம். "இங்கேயே முடித்துவிடலாம்" என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது. இரவு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். புதுச்சேரிக் குழி 576 சதுர அடி. சென்ட் 435.6 சதுர அடி. அப்படியானால் கிருமாம்பாக்கத்தில் சதுர அடி சுமார் 1,042 ரூபாய், ரெட்டிச்சாவடிப் பக்கம் 1,148 ரூபாய். மூன்று குழியும் நான்கு சென்ட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு மனை. முன்னது 18 லட்சம், பின்னது 20 லட்சம். மலிவு என்று நாங்கள் நம்பிய இடம்தான் இரண்டு லட்சம் கூடுதல்!

மாமனாருக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. அங்கே குழி என்றால் 144 சதுர அடி. "மூன்று குழியில் வீடு எப்படி மாப்பிள்ளை கட்டுவீர்கள்?" என்று போனில் பதறிவிட்டார்.

கிருமாம்பாக்கம் மனையின் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் குழியும் இல்லை, சதுர அடியும் இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் ஹெக்டேர், ஆர், சென்டியார்தான். 1 ஆர் 60 சென்டியார் என்று எழுதியிருந்தது. ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர், ஓர் ஆர் நூறு சதுர மீட்டர். ஆக 160 சதுர மீட்டர். விலை பேசும்போது இரு பக்கத்துத் தரகர்களும் இந்த ஓர் எண்ணைச் சொல்லட்டும். அவர்களுக்குக் கணக்கு அத்துப்படி. ஆயுள் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பி நிற்பவர் வாங்க வந்தவர்தான்.

கட்டிய வீட்டிலும் இதே கதை. மஞ்சக்குப்பத்தில் 1,050 சதுர அடி என்று சொன்ன அடுக்குமாடி வீட்டை டேப் பிடித்து அளந்தோம். உள்ளே 790கூடத் தேறவில்லை. மீதியெல்லாம் மாடிப்படி, பொது நடை, சுவர்க்கனம். கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப்பரப்பு, எது என்று 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டமே வரையறுத்திருக்கிறது. அதைக் கேட்க ஏன் கூச்சப்பட வேண்டும்?

பதிவுச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 20 லட்சத்துக்கு 1.8 லட்சம் ஆகிறது. புதுச்சேரிக்கு விகிதம் வேறு.

பெண்ணையாற்றுப் பக்கம் ஒரு மனை. பக்கத்து வீட்டுச் சுவரில் 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தின் சேற்றுக்கறை இடுப்பளவுக்கு அப்படியே இருந்தது. விலை கேட்காமலேயே திரும்பிவிட்டோம்.

பாகூர், வில்லியனூர் பக்கம் அண்மையில் மனை வாங்கியவர்கள் இதைப் படித்தால், சதுர மீட்டர் என்ன விலைக்கு முடிந்தது என்று எழுதுங்கள். வரும் ஞாயிறு அந்தப் பக்கம்தான் போகிறோம்.