ஆஸ்பத்திரி பெட்டை அடைச்சுக்கிட்டு இருக்காங்களாம்

எங்க பெரியம்மா இடுப்பெலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரில சேந்தாங்க, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு டாக்டரும் டிஸ்சார்ஜ் பண்ணலாம்னு எழுதிட்டாரு, ஆனா ராத்திரி பகல் கூட ஆள் வேணும், வீட்ல அதுக்கு வழியில்ல, பராமரிப்பு இல்லத்துல கேட்டா வெயிட்டிங் லிஸ்ட். இது ஏழாவது வாரம். போன வாரம் வார்டு வாசல்ல நிக்கும்போது உள்ள யாரோ "அந்த பெட் பிளாக்கர் எப்ப கிளம்புறாங்க"ன்னு கேட்டாங்க. டிஸ்சார்ஜ் எழுதியும் போகாம பெட்டை அடைச்சுக்கிட்டு இருக்கிறவங்கன்னு அர்த்தமாம். பெரியம்மா காதுலயும் விழுந்துச்சு.

மனசு ஆறவே இல்லங்க. போக ஒரு இடம் சொல்லுங்க, அடுத்த நிமிஷம் கிளம்பிடுவாங்க. பல்செட் டப்பா, மடிச்ச புடவை எல்லாம் பைல போட்டு கட்டிலுக்கு அடியில முதல் வாரமே ரெடியா வச்சவங்க அவங்க. எமர்ஜென்சில ஸ்ட்ரெச்சர்லயே பெட்டுக்கு காத்துக் கிடக்கிறவங்க கஷ்டமும் தெரியும், நர்சுங்க ஓட்டமும் தெரியும். அதுக்காக பழியை படுத்திருக்கிறவங்க தலையில போடறதா?

இந்தக் காத்திருப்பே ஒரு நோய்ங்க, அதை யாரும் கணக்குல எடுக்கிறதே இல்ல. நல்லா இருக்கிற வயசானவங்களையே 10 நாள் படுக்கையில வச்சுப் பாத்த ஆய்வு ஒண்ணு 2007ல வந்துச்சு, கால்ல மட்டும் தசை ஒரு கிலோ கிட்ட கரைஞ்சிருந்துச்சு. பெரியம்மா வாக்கர் பிடிச்சு பாத்ரூம் வரைக்கும் போய்ட்டிருந்தாங்க, விழுந்துடுவாங்கன்னு பயந்து எழுப்பறதை நிறுத்தினாங்க, அப்புறம் டயப்பர், அப்புறம் சாயங்காலமானா குழப்பம், என்னைப் பாத்து செத்துப்போன தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. கடைசில ஒரு இடம் காலியாச்சுன்னு வந்து பாத்தவங்க, இவங்களுக்கு இப்ப கவனிப்பு ஜாஸ்தி வேணும், எங்களால முடியாதுன்னு போய்ட்டாங்க. மறுபடி லிஸ்ட்!

1935ல லண்டன்ல மார்ஜரி வாரன்னு ஒரு டாக்டரம்மா, இனி ஒண்ணும் பண்றதுக்கில்லன்னு படுக்கையில விட்டிருந்த 700 பேருக்கு மேல பொறுப்பெடுத்து, ஒவ்வொருத்தரையா பரிசோதிச்சு எழுப்பி நடக்க வச்சு நிறைய பேரை வெளிய அனுப்பினாங்க. அப்பவே முடிஞ்சுதே!

சேர்க்கிற அன்னிக்கே அடுத்து எங்க போவாங்கன்னு பேச ஆரம்பிங்க, இடம் கிடைக்கிற வரைக்கும் கண்ணாடி மாட்டி, நாற்காலில உக்கார வச்சு சாப்பிடக் குடுங்க, பிசியோவை நிறுத்தாதீங்க. வீட்டு ஆளுங்களும் தினம் யாராவது ஒருத்தர் போங்க. நான் இன்னிக்கு சாயங்காலம் செருப்பு எடுத்துட்டுப் போறேன், பிசியோ காட்டிக் குடுத்த மாதிரி பிடிச்சு நிக்க வைக்கணும், ரெண்டு நிமிஷம் நின்னாலும் போதும்.