பெரியவர்கள் பொம்மை சேர்ப்பதைப் பற்றி

நாற்பதைத் தாண்டிய ஒருவர் பொம்மை சேர்க்கிறார், மங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதை படிக்கிறார் என்று தெரிந்தால் நம்மவர்கள் உடனே காரணம் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். வேலையில் ஏதாவது அழுத்தமோ, சின்ன வயதில் கிடைக்காத ஏக்கமோ என்று. எனக்கு அப்படி எதுவும் இல்லை. அழகாக இருக்கிறது, பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை, அதனால் சேர்க்கிறேன். பழைய நாணயம் சேர்ப்பவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. அதே மரியாதை இதற்கும் வேண்டும்.

டெல்லியில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபமாக இருக்க வேண்டும். ஐடிஓ பக்கம், பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் சங்கர் சர்வதேசப் பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது. ஊரிலிருந்து யாராவது வந்தால் செங்கோட்டை, குதுப்மினார், மலை மந்திர் என்று சுற்றிக்காட்டுகிறோம். இங்கே கூட்டிப்போகிறவர்கள் குறைவு. இதைத் தொடங்கியவர் கார்ட்டூனிஸ்ட் சங்கர் பிள்ளை. 'சங்கர்ஸ் வீக்லி' நடத்தியவர், நேருவைக்கூட விட்டுவைக்காமல் வரைந்தவர். ஹங்கேரித் தூதர் கொடுத்த ஒரு பொம்மையில் அவருக்கு மனம் போய்விட்டது. அப்புறம் போகிற நாடுகளிலெல்லாம் தேடித்தேடிச் சேர்த்தார். 1965-ல் அருங்காட்சியகம் திறந்தது. இன்று 85 நாடுகளைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்ட பொம்மைகள் அங்கே இருக்கின்றன.

ஒரு முகத்தை நாலு கோட்டில் பிடிக்கத் தெரிந்த பெரிய மனிதர், நடுவயதில் ஒரு பொம்மையின் முன்னால் நின்றுவிட்டார். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பொம்மையும் சித்திரக்கதையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டிலும் குறைவாகத்தான் கொடுத்திருப்பார்கள், மீதியைப் பார்க்கிறவர் நிரப்ப வேண்டும்.

ஜப்பானில் இந்த உறவு இன்னும் வெளிப்படையானது. என் அலமாரியில் இருக்கும் லிக்கா பொம்மையையே சொல்கிறேன். 1967-ல் டகாரா நிறுவனம் கொண்டுவந்தது. முதலில் அவர்கள் செய்ய நினைத்தது பொம்மைக்கான வீடு, கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. ஆனால் பார்பி அளவுக்கு வீடு செய்தால் சின்னக் குழந்தை தூக்க முடியாத அளவுக்குப் பெரிதாகிவிடும். சரி, பொம்மையையே சின்னதாகச் செய்துவிடுவோம் என்று 21 செ.மீ. உயரத்தில் செய்தார்கள். முகத்துக்கு எடுத்துக்கொண்டது, பெண் குழந்தைகளுக்கான மங்கா வரைந்துகொண்டிருந்த மியாகோ மாகியின் பாணியை. பெரிய கண், அதில் வெள்ளையாக ஒளிப்புள்ளி, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி மூக்கு, மூடிய சின்ன வாய். அப்படியே மங்கா பக்கத்திலிருந்து இறங்கி வந்த முகம்.

இதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் ஒன்று தெரியும். அவள் நம்மை நேராகப் பார்ப்பதில்லை. கண் கொஞ்சம் பக்கவாட்டில் போகிறது. அலமாரியில் தனியாக வைத்தால் எதையோ யோசிக்கிறாள். பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். கழுத்தை ஒரு நூல் திருப்பினால் போதும், கோபம்கூட வந்துவிடுகிறது. முகத்தில் வரைந்திருப்பதில் எதுவும் மாறவில்லை. இந்த நுணுக்கத்தை ரசிக்க ஒரு வயதும் பொறுமையும் வேண்டும். குழந்தை அவளோடு விளையாடும், அது வேறு சுகம். உட்கார்ந்து பார்ப்பது பெரியவர்களின் வேலை.

மங்காவுக்கு வருகிறேன். 'குழந்தைகள் படிப்பது' என்று சொல்கிறவர்கள், ஜப்பானில் அது வயது பிரித்தே வெளிவருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பையன்களுக்கு ஷோனென், பெண் பிள்ளைகளுக்கு ஷோஜோ, வளர்ந்த ஆண்களுக்கு செய்னென், வளர்ந்த பெண்களுக்கு ஜோசெய். ஆறு வயதில் ஹிரோஷிமா குண்டிலிருந்து தப்பிய கெய்ஜி நகஸாவா தான் கண்டதை வைத்து 1973 முதல் 'பேர்ஃபுட் ஜென்' என்ற மங்காவைத்தான் வரைந்தார். அதைப் படித்துவிட்டு யாரும் குழந்தைச் சமாசாரம் என்று சொல்ல மாட்டார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் கொடுப்பது ஒஸாமு தெஸூகாவின் 'புத்தா'. 1972-லிருந்து 1983 வரை வந்த தொடர், ஆங்கிலத்தில் 8 வால்யூம். தொடக்கத்திலேயே பனியில் ஒரு கிழவர் விழுந்து கிடக்கிறார். கரடி மீன் கொண்டுவருகிறது, நரி பழம் கொண்டுவருகிறது. முயலுக்கு எதுவும் கிடைக்கவில்லை. தீ மூட்டச் சொல்லி, அதில் தானே குதித்துவிடுகிறது. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் நம் ஊர் ஜாதகக் கதைதான். ஆனால் அதை ஏறக்குறைய வசனமே இல்லாமல் வரைந்திருக்கிறார். முயல் தீயைப் பார்க்கிற ஒரு கட்டத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். ஒரு சொல் போட்டிருந்தால் அந்த இடம் கெட்டுப்போயிருக்கும்.

'புத்தா'வின் ஆங்கிலப் பதிப்பை நம் புத்தகம் மாதிரியே இடமிருந்து வலமாகப் படிக்கலாம். மற்ற பல மங்காக்களைப் பின்பக்கத்திலிருந்து திறந்து, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், அது முதல் அத்தியாயத்துக்குள் பழகிவிடும். வாங்கும்போது மட்டும் ஒன்று கவனியுங்கள். டெல்லி நடைபாதைகளில் திருட்டுப் பதிப்புகள் ஏராளம். சாம்பல் நிறம் வருகிற இடத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல அச்சில் அது பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரியும். நகல் எடுத்ததில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, வானமும் தலைமுடியும் ஒரே கறுப்புத் திட்டாகியிருக்கும். வரைந்தவர் ராத்திரி பகலாக உழைத்தது அங்கே அழிந்துபோகிறது. விலை பாதி என்றாலும் வாங்காதீர்கள். காசு இல்லையென்றால் லாஜ்பத் நகர் ஜப்பான் ஃபவுண்டேஷன் நூலகத்துக்குப் போகலாம், அல்லது மஹிலா ஹாட்டில் நடக்கிற தரியாகஞ்ச் ஞாயிறு சந்தையில் தேடலாம். அங்கே தொடர் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். மூன்றாவது வால்யூம் மட்டும் கிடைக்கும், அதுவும் ஒரு ஆனந்தம்தான்.

இதையெல்லாம் வெளிநாட்டு மோகம் என்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1972-ல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்துத் தொடங்கி, இன்றும் சிவகாசியிலிருந்து புதுப் புத்தகம் வருமா என்று காத்திருக்கிறவர்கள் பேரன் பேத்தி எடுத்தவர்கள். பொம்மையோ கேட்கவே வேண்டாம். நவராத்திரிக்கு ஆர்.கே.புரத்திலும் கரோல்பாகிலும் எத்தனை வீடுகளில் படி கட்டுகிறோம்? மரப்பாச்சிக்குப் பட்டுத்துணி வெட்டி, ஜரிகை ஒட்டி, நகை கோத்து அலங்கரிப்பது யார்? பெரியவர்கள்தான். ஜப்பானிலும் மார்ச் 3 ஹினா விழாவுக்குச் சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மை அடுக்குகிறார்கள். மேல்படியில் ராஜாவும் ராணியும். அந்தப் படத்தைப் பக்கத்து வீட்டு மாமியிடம் காட்டினேன். "அடடே, நம்ம கொலு மாதிரின்னா இருக்கு!" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்த்தார். அன்றிலிருந்து என் அலமாரியைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

செலவு ஆகிறது, மறுக்கவில்லை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 60 சதவீதமாகி, 2023-ல் 70 சதவீதமாகிவிட்டது. பெட்டியிலேயே '15 வயதுக்கு மேல்' என்று அச்சிட்டு, பெரியவர்களுக்கென்றே விற்கிற ஜப்பானிய ஃபிகர்கள், அதாவது கதாபாத்திரங்களின் சின்னச் சிலைகள் உண்டு. வரி போடும்போது அவற்றைக் குழந்தை பொம்மைகளிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. செலவுக்குப் பயந்து கொஞ்சமாக வாங்குகிறேன், வாங்கியதைப் பெட்டியைத் திறந்து வெளியே வைக்கிறேன். சீல் பிரிக்காமல் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெயில் நேராகப் படாத இடம், தூசு துடைக்க மெல்லிய பிரஷ், நம்மூர் மே மாதப் புழுதிக் காற்றுக்கு ஒரு கண்ணாடிக் கதவு. இவ்வளவு போதும்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளை படிக்கப் போனதும், மகளுக்குக் கல்யாணம் ஆனதும், அவர்கள் பொம்மைகளையும் காமிக்ஸையும் அள்ளிப் பழைய பேப்பர்க்காரரிடம் போடுகிற வீடுகள் நிறைய. கேட்காமல் செய்கிறார்கள். விடுமுறைக்கு வருகிற பிள்ளை காலியான அலமாரியைப் பார்த்து ஒன்றும் பேச முடியாமல் நிற்கும். ஜப்பானில் பொம்மையைக் கழிப்பதற்கே சடங்கு இருக்கிறது. கோயிலுக்கு எடுத்துப்போய், இத்தனை நாள் இருந்ததற்கு நன்றி சொல்லி ஒப்படைப்பார்கள். வகயாமாவில் இருக்கும் அவாஷிமா ஆலயத்தில் மார்ச் 3 அன்று படகில் வைத்துக் கடலில் அனுப்புவார்கள்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். தூக்கிப்போடும் முன் பிள்ளைகளுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வேண்டாம் என்று அவர்களே சொன்னால், டெல்லி, நொய்டா, குர்கான் எதுவானாலும் சரி, எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். கை உடைந்திருந்தாலும் முடி கொட்டியிருந்தாலும் பரவாயில்லை, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.