ஸ்டாலின்கிராடில் குளிர் யார் பக்கம் நின்றது?
"ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியரை வென்றது ரஷ்யக் குளிர்காலம்தான்" என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் வோல்கா ஆற்றங்கரையிலிருந்த அந்த நகரைக் காத்த சோவியத் தளபதி சுய்கோவ் 62ஆவது படையின் தலைமையை ஏற்றது 1942 செப்டம்பர் 12ஆம் தேதி. நகருக்குள் மிகக் கொடூரமான சண்டை நடந்தது அதையடுத்த இரண்டு மாதங்களில், அதாவது கடுங்குளிர் இறங்கும் முன்பே. செப்டம்பர் 14ஆம் தேதி இரவு சோவியத் தளபதி ரோதிம்த்செவின் 13ஆவது காவல் டிவிஷன் (‘கார்ட்ஸ்’ என்ற சிறப்புப் பெயர் பெற்ற படைப்பிரிவு) வோல்காவைக் கடக்கத் தொடங்கியபோது ஜெர்மானியர் படகுத்துறையை நெருங்கிவிட்டிருந்தனர். எதிரி விமானங்கள் குண்டு வீசத் தயங்கும் அளவுக்கு அவர்களுடைய நிலைகளை ஒட்டியே தம் வீரர்களை நிறுத்தியதும், கனரக பீரங்கிகளைக் கிழக்குக் கரையில் வைத்துக்கொண்டதும் சுய்கோவுக்குப் பெரிதும் கைகொடுத்தன. சொல்லப்போனால், குளிர் முதலில் வதைத்தது நகரைக் காத்து நின்றவர்களைத்தான். நவம்பரில் பனிப்பாளங்கள் ஆற்றில் மோதிக்கொண்டு மிதந்து வந்ததால் படகுப் போக்குவரத்து முடங்கியது. பாரிக்காடி பீரங்கி ஆலையை ஒட்டிய ஒரு துண்டுக் கரையில் துண்டிக்கப்பட்ட லியூத்னிகோவின் 138ஆவது டிவிஷனுக்குத் தோட்டாவும் ரொட்டியும் சேர்ப்பதே பெரும்பாடாயிற்று. வோல்கா இறுகி உறைந்து, அதன்மேல் வண்டிகள் ஓடியது டிசம்பர் நடுவில்தான். முற்றுகைக்குள் அகப்பட்ட ஜெர்மானியரைக் குளிரும் பசியும் கொன்றது உண்மையே. ஆனால் அவர்களை அகப்பட வைத்தது, நவம்பர் 19, 20 தேதிகளில் ஜெர்மனியின் கூட்டாளியான ருமேனியப் படைகள் காத்துவந்த பலவீனமான பக்கவாட்டுகளை உடைத்த சோவியத் தாக்குதல். ஜெர்மானியரின் தோல்விக்கு ஹிட்லரின் பிடிவாதமே காரணம் என்று இன்னொரு வாசகர் எழுதியிருப்பதில் நியாயம் உண்டு, ஆயினும் சில நூறு மீட்டர் மட்டுமே மிஞ்சிய கரையை நகரைக் காத்த அந்தச் சிப்பாய்கள் விட்டுக்கொடுத்திருந்தால், அந்தப் பிடிவாதம் அன்றே பலித்திருக்கும்.